எந்த அடையாளமும் இடக் கூடாது

மேஜை ஆடுகிறது. நான் அழுத்தி எழுதும்போதெல்லாம் அதன் ஒரு கால் தரையில் டக்கென்று தட்டுகிறது, தட்டும்போதெல்லாம் பரீட்சை ஹாலைக் கண்காணிக்கிற மேடம் திரும்பிப் பார்க்கிறாள், நான் வேண்டுமென்றே ஆட்டுகிற மாதிரி. என் மருமகள் வயதுதான் இருக்கும். கழுத்தில் தொங்கும் அட்டையைத் திருகிக்கொண்டே நடக்கிறாள், செருப்புச் சத்தம் முன்னால் போகிறது, பின்னால் வருகிறது, என் பக்கத்தில் வந்தால் மட்டும் நின்றுவிடுகிறது. உள்ளே நுழைந்தபோதே ஹால்டிக்கெட்டை வாங்கி, போட்டோவையும் என் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து, "நீங்கதான் எழுதுதீங்களா, இல்ல மகளுக்கு ஹால்டிக்கெட் கொண்டாந்தீங்களா" என்றாள். பின்பெஞ்சில் சிரிப்பு. "நாந்தான் மேடம். பிரகாசி" என்றேன். ஆண்டவரே, கோபத்தை எடுத்துப் போடும், எழுத வந்த இடத்தில் எனக்கு எதற்குக் கோபம். பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்களை விவரி. விவரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ரொட்டி விலை, உப்பு வரி, ராணியின் ஆடம்பரம், பதினைந்தாம் லூயி, பதினாறாம் லூயி, ஒரு வீட்டில் அத்தனை பேருக்கும் அந்தோணி என்று பேர் வைத்த மாதிரி எல்லாரும் லூயி, எந்த லூயி எதைச் செய்தான் என்று முந்தாநாள் வரை நாக்கில் இருந்தது, இப்போது நாக்கு வறண்டு கிடக்கிறது, தண்ணீர் பாட்டிலை வெளியே வைக்கச் சொல்லிவிட்டாள். பக்கம் முடிந்தது. திருப்பினேன். மேலே நடுவில் சின்னதாக ஒரு சிலுவை போட்டேன், கீழே எழுத ஆரம்பித்தேன். சிலுவை போடாமல் நான் தாளில் எழுதியதே கிடையாது. கான்வென்ட்டில் சிஸ்டர் பழக்கிவிட்டது, மளிகைச் சீட்டானாலும் சரி, பிள்ளைகளின் லீவு லெட்டரானாலும் சரி, முதலில் அது, பிறகுதான் மற்றது. இன்றைக்கு அது ரொம்பவே வேண்டும். இது கடைசித் தடவை. மற்ற தாள் எல்லாம் தேறியாயிற்று, உலக வரலாறு மட்டும் விழுந்து விழுந்து கிடக்கிறது, எங்கள் பழைய பாடத்திட்டத்துக்கு இனிமேல் பரீட்சை கிடையாது என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள், இன்றைக்குத் தவறினால் மறுபடி முதலிலிருந்து சேர வேண்டும், அதற்கு எனக்கு முட்டியும் இல்லை, கண்ணும் இல்லை.

நெப்போலியன் வரட்டும், வாட்டர்லூ வரட்டும், இந்தப் பட்டத்தை நானா கேட்டேன். என் மகன் டெரன்ஸின் கல்யாணப் பத்திரிகை கட்டுக் கட்டாக வந்து இறங்கியபோது பிரித்துப் பார்த்தேன், மேலே தங்கக் கலரில் ஒரு சிலுவை, அதற்குக் கீழே மணமகள் வீட்டுப் பக்கம் ஒவ்வொரு பேருக்குப் பின்னாலும் வால் வாலாகப் படிப்பு, எம்.ஏ., எம்.எட்., எம்.ஃபில்., செத்துப்போன சித்தப்பாவுக்குக்கூட ஒரு பி.எஸ்ஸி. நம் பக்கம், என் வீட்டுக்காரர் சூசைமாணிக்கம் பி.காம்., துறைமுகம் ஓய்வு, சரி, அது உண்மை. அதற்கு அடுத்த வரியில் திருமதி பிரகாசி சூசைமாணிக்கம் பி.ஏ. நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். அச்சுப் பிழை என்றுதான் நினைத்தேன். "டெரன்ஸ், இங்க வா, என் பேருக்குப் பின்னாடி வேற யாரோட படிப்போ வந்துட்டு" என்றேன். அவன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நாந்தான் போடச் சொன்னேன். மொட்டையா இருந்திச்சும்மா. யாரு உக்காந்து படிக்கப் போறா, பிரியாணி எத்தனை மணிக்குன்னுதான் பாப்பாங்க." மொட்டையா. பெற்ற தாய் பேர் மொட்டையாக இருந்ததாம். அன்றைக்கே நான் கத்தியிருக்க வேண்டும், பத்திரிகையை எல்லாம் அடுப்பில் வைத்திருக்க வேண்டும், நான் என்ன செய்தேன், மாதா படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். படிக்கமாட்டார்கள் என்றானே, படித்தாள். மருமகளின் அம்மா, டெல்பின் டீச்சர், ரிட்டயர்டு. பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன மேஜர், சம்பந்தி" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் டெரன்ஸ், "ஹிஸ்டரி, அத்தை. தபால்ல படிச்சாங்க" என்றான். கணக்கு என்று சொல்லியிருக்கலாம், தமிழ் என்று சொல்லியிருக்கலாம், விலங்கியல் என்றுகூடச் சொல்லித் தொலைத்திருக்கலாம். "அட, நானும் ஹிஸ்டரிதான" என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், அந்தப் பிடியை இன்னும் விடவில்லை. வீட்டுக்கு வந்தால் முறுக்குத் தட்டை வாங்கிக்கொண்டே, "வியன்னா மாநாடு எந்த வருசம் சம்பந்தி, எனக்கு மறந்து போச்சு பாத்தீங்களா" என்பாள். மறக்குமா அவளுக்கு. பேரனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று, கோயில் வாசலில் அத்தனை பேர் நிற்கும்போது, "நம்ம பேரனுக்கு ஹிஸ்டரி ரத்தத்துலயே இருக்கு, ரெண்டு பாட்டியும் அதுதான, இல்லியா சம்பந்தி" என்று சொல்லி என் கண்ணைப் பார்த்துச் சிரித்தாள். தெரிந்துதான் கேட்கிறாள். ஒவ்வொரு தடவையும் ஊசியால் ஒரு குத்து, ரத்தம் வராத இடமாகப் பார்த்து. அதனால் தபால் வழியில் பி.ஏ. ஹிஸ்டரி சேர்ந்தேன். பொய்யை உண்மையாக்கிவிட்டால் பிறகு அது பொய் இல்லையே. டெரன்ஸிடம் சொன்னபோது சிரித்தான், "அதுக்காக மெய்யாவே படிக்கப் போறியா, நீ ஒரு ஆளும்மா" என்றான். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, மாமியார் வீட்டில் விருந்து, இந்நேரம் அந்த டீச்சர் கையால் மட்டன் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். சாப்பிடட்டும். தொண்டையில் சிக்காமல் சாப்பிடட்டும். இல்லை, அப்படி நினைக்கக் கூடாது, பிள்ளை.

இரண்டாவது கேள்வி தொழிற்புரட்சி, நூல் நூற்கும் இயந்திரம், நீராவி, பக்கம் திருப்பு, சிலுவை, ரயில், நிலக்கரி, பக்கம் திருப்பு, சிலுவை. கை ஓடுகிறது, மேஜை தட்டுகிறது. கேள்வித்தாளின் கடைசியில் சிறுகுறிப்பு வரைக என்று போட்டு டோகுகாவா ஜப்பானின் தனிமைக் கொள்கை என்று இருக்கிறது, பார்த்ததும் வயிறு குளிர்ந்தது, அது எனக்குத் தெரியும், அசைன்மென்ட்டில் எழுதியது அதுதான். மற்றவர்கள் அசைன்மென்ட்டை எல்லாம் ஜெராக்ஸ் கடையில் ரெடியாக வாங்கிக் கொடுத்தார்கள், நான் மட்டும் கோடு போட்ட தாளில், மார்ஜின் விட்டு, சோறு வடித்துவிட்டு உட்கார்ந்து உட்கார்ந்து எழுதினேன். சவேரியார் பேர் வந்ததால் அந்தப் பாடம் ஒட்டிக்கொண்டது. நம் கடற்கரையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்த அதே சவேரியார் இங்கிருந்து போய் ஜப்பானிலும் இறங்கியிருக்கிறார், அங்கேயும் நம்மைப் போலக் கடற்கரைச் சனங்கள், அவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். பிறகு வந்த அரசாங்கம் வெளிநாட்டான் வேண்டாம், அவன் வேதமும் வேண்டாம் என்று கதவைச் சாத்தியது. சேசுவையும் மாதாவையும் தகட்டில் அடித்துத் தரையில் வைத்து, ஒவ்வொருவராக வந்து மிதி என்றார்கள். மிதித்தால் வீட்டுக்குப் போகலாம், மிதிக்காவிட்டால் சாவு. விசுவாசம் உள்ளவர்கள் உயிரை விட்டனர், விசுவாசம் இல்லாதவர்கள் மிதித்துவிட்டுச் சென்றனர் என்று எழுதினேன், அந்த இரண்டாவது வரியை எழுதும்போது பேனாவை வேண்டுமென்றே அழுத்தினேன், தாள் பின்பக்கம் புடைத்துக்கொண்டது. திருத்தியவர் அந்த வரிக்கு நேராகச் சிவப்பில் ஒரு சரி போட்டிருந்தார். மேலே இருந்த சிலுவையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எந்தத் தாளிலும் யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

"எல்லாரும் பேனாவைக் கீழ வைங்க." வாசலில் யாரோ ஒருவர் வந்து ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போக, மேடம் நடுவில் நின்று வாசிக்கிறாள். "விடைத்தாள்ல பேரு, போன் நம்பர், பிள்ளையார் சுழி, ஓம், சிலுவை, எழுநூத்தி எண்பத்தாறு, சாமி பேரு, எது போட்டிருந்தாலும் அடையாளக் குறின்னு எடுத்து முறைகேட்டுல வச்சிருவாங்க. ரிசல்ட் வராது. போட்டவங்க இப்பவே அதே பேனாவால ஒரு கோடு போட்டு அடிச்சிருங்க. கடைசிப் பக்கத்துல விதிமுறை எல்லாம் இருக்கு, யாரு படிக்கீங்க. அப்புறம் வந்து அழக் கூடாது." கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன், எறும்பு மாதிரி எழுத்து, எந்த அடையாளமும் இடக் கூடாது. பக்கத்து மேஜையில் ஒரு ஏட்டையா, பெரிய மீசை, பரீட்சைக்கும் கழற்றாத போலீஸ் பெல்ட், முதல் பக்கத்தில் முருகா என்று எழுதியிருந்ததைச் சரக்கென்று ஒரே இழுப்பில் அடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க என்னம்மா போட்டீங்க?" என்றார் மெதுவாக. "சிலுவை" என்றேன். "எங்க?" "எல்லாப் பக்கத்துலயும்." "சரியாப் போச்சு" என்று மீசையைத் தடவினார். "அடிங்கம்மா. முருகன் எங்கிட்ட கோவிச்சுக்கிட மாட்டாரு, திருச்செந்தூர் போயி ஒரு மொட்டையைப் போட்டு சரிக்கட்டிருவேன். உங்க ஆளு எப்பிடி?" மேடம் அங்கிருந்தே, "ஏட்டையா, ஸ்டேஷன்லயா இருக்கீங்க, என்ன விசாரணை" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் கையைத் தூக்கினேன், எத்தனை வருஷத்துக்குப் பிறகு இப்படிக் கையைத் தூக்குகிறேன். "மேடம், அடிக்காம வேற பேப்பர் தருவீங்களா?" வந்தாள், செருப்புச் சத்தம் நின்றது. "தந்தா? மறுபடி முதல்லருந்து எழுதிருவீங்களா?" என்றபடி என் தாளைப் புரட்டினாள், ஒவ்வொரு பக்கமும் திரும்பத் திரும்ப அவள் புருவம் ஏறியது. "என்னம்மா இது, பக்கத்துக்குப் பக்கம் கல்லறைத் தோட்டம் மாதிரி." பின்பெஞ்சு மறுபடி சிரித்தது. "அடிக்கதுக்கு மனசு வரல மேடம்" என்றேன். "உங்க சாமியை அடிக்கச் சொல்லலம்மா. இங்க்கை அடிக்கச் சொல்லுதேன். வெறும் இங்க். வேண்டாம்னா விடுங்க, எனக்கென்ன, உங்க ரிசல்ட்." தாளை மேஜைமேல் போட்டுவிட்டுப் போனாள், மேஜை தட்டியது.

வெறும் இங்க். அங்கேயும் எவனாவது அப்படித்தான் சொல்லியிருப்பான், அம்மா, உன் சாமியை மிதிக்கச் சொல்லவில்லை, வெறும் தகடு, காலை வைத்துவிட்டுப் போ, பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள். பேனாவை எடுத்தேன், முதல் பக்கத்துச் சிலுவைக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன், கொண்டுபோன இடத்தில் ஒரு புள்ளி விழுந்தது, அவ்வளவுதான், கை நகரவில்லை. பெரிய வெள்ளிக்கிழமை முழங்காலில் போய் இதே சிலுவையை முத்தி செய்த வாய் இது. எதற்காக அடிக்க வேண்டும். உயிருக்கா. யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. ஒரு பொய்க்காக. என் மகன் சொன்ன பொய் மெய்யாக வேண்டும் என்பதற்காக நான் ஆண்டவர் மேல் கோடு இழுக்க வேண்டும். அந்தப் பத்திரிகையில் தங்கக் கலரில் சிலுவை போட்டு அதற்கு நேர் கீழே பொய்யை அச்சடித்தார்களே, அந்தச் சிலுவையை அடி என்று எந்த மேடமாவது சொன்னாளா. அது அடையாளம் இல்லையா. பார்த்துக்கொண்டுதானே இருந்தீர், அன்றைக்கும் பார்த்தீர், இன்றைக்கும் பார்க்கிறீர். உம்மை வைத்துக்கொண்டுதானே எல்லாம் செய்கிறார்கள். நான் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை எனக்கென்று ஒன்று கேட்டால், அதிலும் நீர் குறுக்கே வந்து பக்கத்துக்குப் பக்கம் நிற்கிறீர். ஐயோ, என்ன பேசுகிறேன், அருள் நிறைந்த மரியே வாழ்க, டெல்பின் டீச்சர் சிரிக்கிறாள், ஜெபத்துக்கு நடுவிலும் அவள் பல். எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. இத்தனை நாள் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் கோபம் என்று சொல்லிச் சொல்லி வருகிறேன், கோபம் இல்லை சாமி, பிடிக்கவில்லை, அவள் முறுக்கைக் கடிக்கும் சத்தம் பிடிக்கவில்லை, என் மகனையும் பிடிக்கவில்லை, மொட்டை என்றானே அந்த நாக்கைப் பிடிக்கவில்லை. பட்டம் வாங்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, அவள் வரும்போது பார்க்கிற மாதிரி டி.வி.க்கு மேலே மாட்டி வைத்து, ஒன்றுமே பேசாமல் முறுக்குத் தட்டை நீட்ட வேண்டும், அதற்காகத்தான் இத்தனையும், அவள் கண்ணாடியை மேலே தூக்கி வாசிப்பாள், பிரகாசி, இளங்கலை, வரலாறு, அப்புறம், அப்புறம் வருஷம். பட்டத்தில் வருஷம் போடுவார்கள். பாஸ் செய்த மாதம், வருஷம். கல்யாணப் பத்திரிகை அடித்தபோது பேரனே பிறக்கவில்லை, இப்போது அவன் யூ.கே.ஜி. போகிறான். டெல்பின் டீச்சர் மற்ற எதையும் வாசிக்காமல் விடுவாள், வருஷத்தை விடமாட்டாள், வருஷம்தானே அவள் பிழைப்பு. பத்திரிகையில் அன்றைக்கே பி.ஏ., சட்டத்துக்குள் இந்த வருஷம். ஆண்டவரே. இத்தனை காலம் ராத்திரி பகலாக மற்றவர்கள் வருஷத்தையெல்லாம் மனப்பாடம் செய்தேனே, என் வருஷத்தை நினைத்துப் பார்க்கவே இல்லையே. பொய்யை மூடுவதற்கு என்று ஓடி ஓடி வாங்கப் போகிற தாள்தான் அதைப் பச்சையாகத் திறந்து காட்டப்போகிறது. எனக்குச் சிரிப்பு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டேன், மேடம் பார்த்தாள்.

அப்படியானால் யாருக்காக எழுதுகிறேன். ஏசி ஓடாத ஹாலில் முதுகு நனைந்து, பின்பெஞ்சுச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு, யாருக்காக. டெரன்ஸுக்கு இல்லை, அவனுக்கு இது தேவையே இல்லை. டீச்சருக்கும் இல்லை. பாஸ்டில் கோட்டையும் நீராவியும் சவேரியாரும் என் மண்டைக்குள் உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களை நான்தானே ஏற்றினேன், இட்லி மாவு ஆட்டிக்கொண்டே ஏற்றினேன். இது என்னுடையது. பொய் அவனுடையது, அதை அவன் வைத்துக்கொள்ளட்டும். தேறினால் மாட்டுவேன், வருஷம் தெரிகிற மாதிரி மாட்டுவேன். தேற வேண்டும். பேனாவை முதல் பக்கத்தில் வைத்து ஒரு கோடு இழுத்தேன். வலித்தது. மன்னியும் என்று சொல்லவில்லை, சொல்ல வரவில்லை, நீர் பார்த்துக்கொள்ளும் என்றுதான் வந்தது. அடுத்த பக்கம். கோடு. அடுத்தது. ஒரு பக்கத்தில் கோடு சிலுவையை விட்டு விலகிப் போய்விட்டது, மறுபடி இழுத்தேன். ஏட்டையா ஓரக்கண்ணால் பார்த்து, "ஆங், அவ்வளவுதாம்மா" என்றார். அவ்வளவு இல்லை என்று அவரிடம் சொல்ல எனக்கு நேரம் இல்லை. பேப்பர் வாங்கப் போகிறார்கள், கடைசிக் கேள்வி மிச்சம், ஜப்பான். புதுப் பக்கம் திருப்பினேன், பேனா தாளில் பட்டது, பார்த்தால் மேலே நடுவில் சிலுவை. நான் போடவில்லை. கை போட்டுவிட்டது. செருப்புச் சத்தம் என் தோளுக்குப் பின்னால் நின்றது. "இப்பத்தானம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னேன்" என்றாள் மேடம். "கை தானா போட்டுட்டு மேடம்." "அப்ப அடிங்க." "அடிக்கேன்" என்றேன், அடித்தேன், நின்று பார்த்துவிட்டுப் போனாள். அடுத்த பக்கத்திலும் இது வரும். நாளைக்கு மளிகைச் சீட்டிலும் வரும். அவள் சொன்னால் மறுபடி அடிப்பேன், மறுபடி வரும். எழுது, நேரமில்லை. வெளிநாட்டு வணிகம் தடை செய்யப்பட்டது, நாகசாகியில் டச்சுக்காரர்களுக்கு மட்டும் இடம் தரப்பட்டது, கிறிஸ்தவ மதம் ஒடுக்கப்பட்டது, மக்கள் திருவுருவங்களை ஒவ்வோர் ஆண்டும் மிதிக்க வைக்கப்பட்டனர். அடுத்த வரி அசைன்மென்ட்டில் எழுதிய அதே வரி, விசுவாசம் இல்லாதவர்கள், என்று மனப்பாடம் தானாகவே வாய்க்கு வந்தது, நின்றேன். ஒவ்வோர் ஆண்டும். அதை எத்தனை தடவை ஒப்பித்தேன், ஒரு தடவையாவது யோசித்தேனா. ஒரு தடவை மிதித்து எல்லாம் முடிந்துவிட்டது என்றால் அவனை எதற்கு மறு வருஷமும் கூப்பிட வேண்டும். மிதிக்கச் சொன்ன அதிகாரிக்குத் தெரிந்திருக்கிறது, இவன் காலைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு என்ன செய்வான் என்று. எனக்குத்தான் தெரியவில்லை. அங்கே மிதித்துவிட்டுப் போன கடற்கரைப் பெண்ணைப் பற்றி நான் என்ன திமிராக எழுதியிருக்கிறேன். மணி அடித்தது. மிதித்தவர்கள் எல்லோரும் விசுவாசத்தை விட்டவர்கள் அல்ல, விட்டிருந்தால் அடுத்த ஆண்டும் மிதிக்கச் சொல்லியிருக்க, என்று எழுதிக்கொண்டிருக்கும்போதே மேடம் தாளை இழுத்தாள், "மாட்டார்கள்" என்பதில் பாதி எழுத்து மேஜைமேல் விழுந்தது. அது கிடக்கட்டும். சிறுகுறிப்புக்கு ஐந்து மார்க், புத்தகத்தில் இல்லாததற்கு என்ன தருவானோ தரட்டும்.

வராந்தாவில் பை வைத்த இடத்தில் தண்ணீர் பாட்டில் சுட்டுக் கிடந்தது. பாதியைக் குடித்தேன், பாதியை முகத்தில் ஊற்றிக்கொண்டேன். பையில் போன் அடித்தது, டெரன்ஸ். "என்னம்மா, முடிஞ்சிச்சா, எப்பிடி எழுதுன" என்றான், வாயில் வெற்றிலை மெல்லும் சத்தம், பின்னால் பேரன் கத்துகிறான், தட்டுகள் அடுக்குகிற சத்தம். "முடிஞ்சிச்சு" என்றேன். "உங்க அத்தை பக்கத்துல இருக்காங்களா?" "இருக்காங்க, இந்தா வெத்தலை மடிச்சிட்டிருக்காங்க. ஏன்?" "போனை அவங்க கையில குடு." "எதுக்கும்மா?" என்றான் டெரன்ஸ், மெல்லுவதை நிறுத்திவிட்டு. "நான் மெய்யாவே எந்த வருசம் படிச்சேன்னு அவங்ககிட்ட சொல்லணும், குடு" என்றேன்.